முதல் போகத்து நட்டம்

2004இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சில ஊர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானிகள் ஒரு சேதியோடு வந்தார்கள். சொட்டுநீர்க் குழாய் போட ஹெக்டேருக்கு 75,000 ரூபாய், சாகுபடிச் செலவுக்கு 40,000 ரூபாய். அத்தனையும் அரசுப் பணம், திருப்பிக் கட்ட வேண்டாம். விஞ்ஞானிகளே வயலுக்கு வந்து முதல் பயிரை எடுத்துக் காட்டுவார்கள். கேட்ட விவசாயிகள் தலையை ஆட்டினார்கள், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். முதல் நூறு பேரைத் தேற்றுவதே பெரும்பாடாகிவிட்டது.

இலவசம் என்றால் வரிசை நீளும் என்று நம்புகிறவர்களுக்கு இது விளங்காது. 2002 தொடங்கித் தொடர் வறட்சி. கிணறு காய்ந்து, கிணற்றுக்குள் போட்ட போர் காய்ந்து, அதற்குப் பக்கத்தில் போட்ட இன்னொரு போரும் புழுதியைக் கக்கிய காலம் அது. பாறைமேல் ஒரு போர்வைபோல மண் கிடக்கும் பூமி இது. தண்ணீர் பாறை இடுக்கில்தான் இருக்கும், இருந்தால் உண்டு. குழாய் இலவசம்தான், அதில் ஓட வேண்டிய தண்ணீர் யார் வீட்டுப் பணம்? ஒரு போகம் போனால் அந்த ஆண்டு அடுப்பு எப்படி எரியும்? விவசாயிகள் கேட்காமல் கேட்ட கேள்வி இதுதான். உலகத்துக்கு உணவு போதுமா என்று நடக்கும் பெரிய விவாதங்களை கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து பார்த்தால், அதற்கு முன்னால் இந்தக் கேள்விதான் வந்து நிற்கிறது.

அந்தத் திட்டத்தின் பெயர் தமிழ்நாடு துல்லியப் பண்ணையத் திட்டம். 7.20 கோடி ரூபாய், மூன்று ஆண்டு, 400 ஹெக்டேர். முதல் ஆண்டு நூறு ஹெக்டேர், அடுத்த ஆண்டு இருநூறு, மூன்றாம் ஆண்டு மீதி நூறு. மானியம் முதல் ஆண்டு நூறு சதவீதம், பிறகு தொண்ணூறு, பிறகு எண்பது. இறங்கிக்கொண்டே போன மானியத்துக்கு எதிர்த்திசையில் விவசாயிகளின் ஆர்வம் ஏறிக்கொண்டே போனது. முதல் நூறு பேரின் அறுவடையைப் பக்கத்து நிலத்துக்காரர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். அடுத்த ஆண்டு, பத்து சதவீதம் தன் கையிலிருந்து போட வேண்டும் என்றபோது, பெயர் கொடுக்க ஆள் திரண்டது. இலவசத்துக்கு வராதவர் காசு கொடுத்து வந்த கதை தமிழ்நாட்டு அரசுத் திட்டங்களின் வரலாற்றில் அபூர்வம்.

துல்லியப் பண்ணையம் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க நடுமேற்கில் இதற்குப் பொருள் வேறு. செயற்கைக்கோள் வழிகாட்ட, ஓட்டுநரின் கை படாமலே நேர்கோட்டில் போகும் டிராக்டர், நிலத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் உரத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி, ஆயிரக்கணக்கான ஏக்கர். இங்கேயும் தொலையுணர்வு வரைபடங்கள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டரை ஏக்கர்க்காரரின் வருமானத்தை மாற்றியவை அவையல்ல. ஓர் உளிக்கலப்பை, ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஒரு கறுப்புக் குழாய், ஒரு சங்கம் என்ற நாலும்தான் மாற்றின.

உளிக்கலப்பை எளிய சமாசாரம். ஆண்டுக்கணக்கில் ஒரே ஆழத்தில் உழுது, மேலே டிராக்டர் ஏறி ஏறி, அடிமண் சிமெண்டுத் தரைபோல இறுகிவிடுகிறது. வேர் அதைத் தொட்டுத் திரும்பிவிடும், மழைநீரும் இறங்காது. உளிபோன்ற ஒற்றைக் கொழு அந்த இறுகிய அடிமண்ணை உடைக்கிறது. பெய்கிற மழை அதன்பிறகு ஓடிப்போகாமல் கீழே இறங்கும்.

தட்டு எளிதல்ல. அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பழைய முறையில் தக்காளி விதையை மேட்டுப்பாத்தியில் தூவி, நெருக்கமாக முளைத்ததைப் பிடுங்கி நடுவார்கள். பிடுங்கும்போது பாதி வேர் பாத்தியிலேயே தங்கிவிடும். நட்ட நாற்று நாலைந்து நாள் தலை தொங்கிக் கிடந்து, சிலது எழும், சிலது போகும். குழித்தட்டில் 98 குழி. மட்கிய தென்னை நார்க் கழிவைக் குழிகளில் நிரப்பி, விரல் நுனியால் குழிக்கு ஒரு பள்ளம், பள்ளத்துக்கு ஒரு விதை. வீரிய ஒட்டு விதை விலை கூடியது, எண்ணித்தான் போட வேண்டும். நிழல்வலைக்குக் கீழே இருபத்தைந்து நாள். பிறகு தண்டின் அடியைப் பிடித்து மெல்ல இழுத்தால், நார்த்தூளைச் சுற்றி வெள்ளை வேர் பின்னிக்கொண்ட சின்னக் கூம்பு முழுசாகக் கையோடு வரும். ஒரு வேர்கூட அறுந்திருக்காது. சாயங்காலம் நட்டால் மறுநாள் காலையில் ஏற்கெனவே அங்கேயே இருந்ததுபோல நிற்கும். நோய்க்கு இடமில்லை, விதைச் சேதம் இல்லை, வயல் முழுக்க ஒரே உயரம், ஒரே வயசு. இந்த ஒரே வயசு என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

இன்று ஊத்தங்கரையிலிருந்து ஓசூர்வரை எந்தச் சாலையில் போனாலும் பச்சை நிழல்வலைக் கொட்டகைகள் தெரிகின்றன. நாற்று வளர்ப்பதே தனித் தொழிலாகிவிட்டது. விவசாயி விதை வாங்குவதை விட்டு நாற்று வாங்குகிறார். போனில் சொல்லிவைத்து, தேதி குறித்து, டெம்போவில் தட்டு தட்டாக வந்து இறங்குகிறது.

கறுப்புக் குழாயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேரடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், அதே தண்ணீரில் கரைத்த உரம், பயிரின் வயதுக்கு ஏற்ற அளவில். நாலாவதான சங்கம்தான் வெளியார் கண்ணில் படாதது. திட்ட விவசாயிகள் துல்லியப் பண்ணைய விவசாயிகள் சங்கங்களாகப் பதிவு செய்துகொண்டார்கள். உரக்கடையில் ஒருவராகப் போய் நிற்பதற்கும் சங்கமாகப் போய் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் முதல் கொள்முதலிலேயே கண்டுகொண்டார்கள். மண்டியிலும் அப்படித்தான்.

பலன் அளந்து பார்க்கப்பட்டது. தருமபுரி விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2008இல் வேளாண் பொருளியல் ஆய்விதழில் வெளியானது. தக்காளி மகசூல் 80 சதவீதம், கத்தரி 34 சதவீதம் கூடியிருந்தது. செலவு போக நின்ற மிச்சம் தக்காளியில் 165 சதவீதமும் கத்தரியில் 67 சதவீதமும் கூடுதல். சேராதவர்களிடம் ஏன் சேரவில்லை என்று கேட்டதற்குக் கிடைத்த முதன்மையான பதில் பணமும் கடன் வசதியும் இல்லை என்பதுதான். என் பார்வையில் அந்த ஆய்வின் மிக முக்கியமான வரி இதுதான். 80 சதவீதத்தை எல்லோரும் எடுத்துக் காட்டினார்கள், இதை யாரும் காட்டவில்லை.

இனி உலகக் கணக்குக்கு வருவோம். 2050க்குள் உணவு உற்பத்தி 70 சதவீதம் கூட வேண்டும் என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2009இல் சொன்னது. சில ஆண்டுகளில் அதே அமைப்பின் ஆய்வாளர்கள் அதை 60 ஆகத் திருத்தினார்கள். எண் இறங்கியது, அது கிளப்பிய பதற்றம் இறங்கவில்லை. விதை நிறுவனங்களின் விளம்பரத்திலும் அமைச்சர்களின் உரையிலும் இன்னும் 70தான் ஓடுகிறது. அந்தக் கணக்கில் வைத்தால் நம் விவசாயிகள் 2007லேயே 2050ஐத் தாண்டிவிட்டார்கள். ஆனால் 2024இல் உலகில் 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள் என்று ஐ.நா. அமைப்புகளே சொல்லின. விளைச்சல் போதாமல் பசித்தவர்களைவிட வாங்க முடியாமலும் போர் நடுவில் சிக்கியும் பசித்தவர்களே அதிகம். மகசூலை உயர்த்தினால் பசி தானாக இறங்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிகளில் சில நாள் நின்றால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். 2023 ஜூலையில் தக்காளி சில்லறையில் கிலோ நூறைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடை வழியாக 60 ரூபாய்க்கு அரசு விற்க வேண்டி வந்தது. சில மாதங்களில் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் விலை விழுந்தது. இது ஆண்டுதோறும் வரும் திருவிழா. இங்கேதான் குழித்தட்டின் ‘ஒரே வயசு’ வருகிறது. தூவி நட்ட காலத்தில் ஒரே வயலில் முந்தியது, பிந்தியது என்று காய்ப்பு இழுத்துக்கொண்டு போகும். இப்போது ஒரே வாரத்தில் வாங்கிய நாற்று ஒரே வாரத்தில் பழுக்கிறது. ஒருவர் வயலில் மட்டுமா? விலை ஏறிய வாரத்தில் இங்கே நாற்றுக்குச் சொல்லிவைத்தவர்களும், எல்லைக்கு அப்பால் கோலாரில் சொல்லிவைத்தவர்களும், மதனப்பள்ளியில் சொல்லிவைத்தவர்களும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் மண்டிக்கு வருகிறார்கள். பயிரைத் துல்லியமாக்கிய தொழில்நுட்பம் விலைச்சரிவையும் துல்லியமாக்கியிருக்கிறது.

மாங்காயும் விலக்கல்ல. கிருஷ்ணகிரியின் பெங்களூரா மாங்காய் கூழ் ஆலையை நம்பியது. ஆலை எடுக்காவிட்டால் அவ்வளவையும் சாப்பிட ஆள் கிடையாது. 2025 கோடையில் விலை சரிந்தபோது, வெளிமாநிலத்துப் பெங்களூராவை உள்ளே விடமாட்டோம் என்று பக்கத்துச் சித்தூர் மாவட்டமே வழி மறித்தது. பயிர்க் காப்பீடு மகசூல் இழப்பைப் பார்க்கும், விலை இழப்பைப் பார்க்காது. 2004இல் முதல் போகத்து நட்டத்தை அரசு தன் தலையில் போட்டுக்கொண்டது, தொழில்நுட்பம் வேர் பிடித்தது. பிறகு குழாய்க்கு மானியம் தொடர்ந்தது. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் இன்றும் நூறு சதவீத மானியத்தில் கிடைக்கிறது. விலையின் நட்டத்தை மட்டும் விவசாயி தலையிலேயே விட்டுவிட்டார்கள்.

இதே மண்ணில் இன்னொரு பயிர்ப் புதுமை சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. அதை யாரும் தொழில்நுட்பம் என்று சொல்வதில்லை. ராகி.

தமிழ்நாட்டில் ராகி அதிகம் விளையும் மாவட்டங்களின் முன்வரிசையில் கிருஷ்ணகிரி இருக்கிறது. மேட்டுக் கொல்லைகளில் சில சால் ராகிக்கு ஒரு சால் அவரை என்று விதைப்பார்கள். மழை பொய்த்தால் ராகி குறையும், அவரை நிற்கும். மார்கழிப் பனியில் அவரை காய்க்கும்போது ராகி கதிர்ப்போரில் ஏறியிருக்கும். இந்த ஏற்பாடே ஒரு காப்பீட்டுப் பத்திரம்தான். தானியத்தைக் காயவைத்து அடைத்தால் வண்டு தொடாது, ஆண்டுக்கணக்கில் இருக்கும். விலை இல்லாத வருஷம் விற்காமல் வைத்துக்கொள்ளலாம். தக்காளியை இரண்டு நாள் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள்.

ராகியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா, எத்தியோப்பியாவும் உகாண்டாவும் சேர்ந்த மேட்டுநிலம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தியா வந்து நம்மூர்க்காரன் ஆகிவிட்டது. புது ரகம் உருவாக்க நினைப்பவர்களை அது நெடுங்காலம் தோற்கடித்தது. பூ அவ்வளவு சிறியது. நள்ளிரவுக்குப் பின், ஒரு மணிக்கும் விடிகாலை ஐந்து மணிக்கும் இடையில் விரியும். விரிந்ததும் தன் மகரந்தத்தையே தான் வாங்கிக்கொண்டு மூடிவிடும். அயல் மகரந்தம் நுழைவது அபூர்வம். நெல்லில் செய்வதுபோல மகரந்தப் பையைக் கிள்ளி எடுக்க யாருடைய விரலுக்கும் நுணுக்கம் போதாது. கோயம்புத்தூர்ச் சிறுதானிய நிலையத்தில் இருந்த ஜி.என். ரங்கஸ்வாமி அய்யங்கார் 1930களில் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். பச்சைத் தண்டுச் செடியின் கதிரையும் ஊதா நிறம் ஓடிய செடியின் கதிரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டிவிட வேண்டும். ராத்திரி நடப்பது நடக்கட்டும். பச்சைச் செடியின் விதையை முளைக்கவைத்து, ஆயிரத்தில் எங்கோ ஒன்றில் ஊதா தெரிந்தால் அதுதான் ஒட்டு. ஆய்வுக்கூடம் வேண்டாம், கண்ணும் பொறுமையும் போதும்.

அந்தப் பொறுமை கர்நாடகத்தின் மண்டியாவில் சி.எச். லக்ஷ்மணய்யாவுக்கு வாய்த்தது. இந்திய ராகியை ஆப்பிரிக்க ராகியோடு சேர்த்தார். ஆயிரமாண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைக் கூப்பிட்டுப் பந்தி வைத்ததுபோல. இந்தியா, ஆப்பிரிக்கா இரண்டு பெயரையும் சேர்த்து ‘இன்டாஃப்’ என்று பெயரிட்ட ரகங்கள் வரிசையாக வந்தன. கர்நாடகத்து மானாவாரிக் காடுகளில் மகசூல் வெகுவாக உயர்ந்தது. மக்கள் அவரை ‘ராகி பிரம்மா’ என்றே அழைத்தார்கள். இன்டாஃப் ரகங்களைக் குலைநோய் பிடித்தபோது, அவற்றின் வழியிலேயே நோய் தாங்கும் ஜி.பி.யு. 28 பெங்களூரில் உருவானது. இந்தப் பக்கம் காவேரிப்பட்டினத்தை அடுத்த பையூரில் வேளாண் பல்கலைக்கழக ஆய்வு நிலையம் ராகியிலும் சாமையிலும் கொள்ளிலும் மானாவாரிக்கென்றே ரகங்கள் தந்தது. பையூர் என்ற பெயர் ஒட்டிய விதைகள் அப்படி வந்தவை. விதைக்கு மாநில எல்லை தெரியாது. ஓசூர்ச் சந்தையில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் எப்படிக் கலந்து கேட்குமோ அப்படித்தான் விதையும்.

இவ்வளவு செய்தும் என்ன ஆயிற்று? ஐம்பதுகளில் இந்தியாவில் இருபது லட்சம் ஹெக்டேரைத் தாண்டியிருந்த ராகிப் பரப்பு இன்று ஏறக்குறைய அதில் பாதி. மகசூல் கூடக்கூடப் பரப்பு சுருங்கிய பயிர் இது. காரணம் வயலில் இல்லை, ரேஷன் கடையில் இருந்தது. கிலோ ஒரு ரூபாய்க்கு, பிறகு காசில்லாமல் அரிசி கிடைத்த நாட்டில் களி கிண்ட யாருக்கு நேரம்? அரிசிக்குக் கொள்முதல் இருந்தது, ராகிக்கு இருக்கவில்லை. இப்போது கொஞ்சம் மாறுகிறது. 2023 மே மாதம் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி தரத் தொடங்கினார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி விவசாயிகளிடம் அரசே கொள்முதல் செய்கிறது. குறைந்தபட்ச ஆதரவு விலை 2022-23இல் குவிண்டால் 3,578 ரூபாய், 2025-26க்கு 4,886. அதே ஆண்டு சாதா ரக நெல்லுக்கு 2,369தான். சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று 2023இல் நடந்த மாநாடுகளைவிட இந்த இரண்டு எண்கள் ராகிக்கு அதிகம் செய்யும் என்பது என் கணிப்பு.

ஊத்தங்கரைப் பக்கம் என் பெரியப்பாவுக்கு மேலே ஒன்றரை ஏக்கர் கொல்லை, கீழே போர் இருக்கும் ஒரு ஏக்கர். மேலே ராகி, கீழே தக்காளி. “கேவுரு மறந்தாலும் வெளையும்டா, தக்காளிய நெனச்சிக்கிட்டே இருந்தாத்தான் வெளையும்” என்பார். அவரால் இப்போது நினைத்துக்கொண்டே இருக்க முடியவில்லை. ஆள் இல்லை. 2021இல் போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலா மின்ஸ்கூட்டர் ஆலை வந்தபோது முழுக்கப் பெண்களே வேலை செய்யும் ஆலை என்று அறிவித்தார்கள். நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களின் மகள்கள் சீருடை போட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். நிற்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. வெயிலில் குனிந்து நிமிர்வதைப் பாரம்பரியம் என்று பாடுகிறவர்கள் ஒரு நாள் குனிந்து பார்க்கட்டும். ஆனால் ஆள் குறைந்த வயலுக்கு ஏற்ற பயிர் வேண்டும். சாயாத தண்டு, ஒரே உயரத்தில் கதிர், இயந்திரத்தில் அடித்தால் உடையாத மணி. ராகியில் இனிச் செய்ய வேண்டிய ஆராய்ச்சி மகசூலைவிட இதில்தான் இருக்கிறது.

புதுமை ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. கர்நாடகத்தின் ஹாவேரிப் பக்கத்து விவசாயிகள் ‘குளி ராகி’ என்று ஒன்று செய்கிறார்கள். குளி என்றால் குழிதான். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரக் கட்டம், கட்டத்தின் மூலையில் தொழு உரம், இரண்டு நாற்று. வேர் பிடித்த பயிர்மேல் ஒரு மரக்கட்டையை மாடு கட்டி இழுக்கிறார்கள். முதல்முறை பார்க்கிறவருக்கு வயிறு கலங்கும். தண்டு மடங்கி, அடியிலிருந்து தூர் வெடித்து வருகிறது. எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தந்ததல்ல. திருந்திய நெல் சாகுபடியில் சொன்ன இளநாற்று, இடைவெளி எல்லாம் இவர்களுக்கு முன்பே பழக்கம்.

2024 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஆண்டு முழுவதும் 80 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் ஊரில் ஒரே நாளில் அது. ஏரி உடைப்பெடுத்ததுபோல வெள்ளம் வந்து நிறுத்தியிருந்த வாகனங்களை உருட்டிக்கொண்டு போனதைத் தமிழ்நாடே கைப்பேசியில் பார்த்தது. பெரியப்பாவின் கீழ்க்காட்டில் தக்காளி இருந்த இடம் தெரியவில்லை. சொட்டுநீர்க் குழாய்கள் வேலிக்காத்தான் முள்ளில் சிக்குண்டு தொங்கின. மேலே அறுத்துப் போட்டிருந்த ராகிக் கட்டும் நனைந்து, கொஞ்சம் முளைவிட்டுவிட்டது. எந்தப் பயிரும் 50 சென்டிமீட்டருக்குப் பதில் சொல்லாது. மேட்டில் போன நட்டம் சில ஆயிரம், பள்ளத்தில் போனது லட்சத்தைத் தொட்டது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இரண்டு நாள் உட்கார்ந்து முள்ளிலிருந்து குழாயைப் பிரித்தார். ஓட்டை விழுந்த இடங்களில் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினார். தை பிறந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு நாற்றுப் பண்ணைக்குப் போனார். நாற்றுக்கு இவ்வளவு என்று விலை பேசி, பாதிப் பணம் கட்டி, ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எந்த வாரம் அனுப்ப என்று பண்ணைக்காரர் கேட்டார். பெரியப்பா பதில் சொல்லாமல், ராயக்கோட்டையில் இன்றைக்குப் பெட்டி என்ன விலை போனது என்று திருப்பிக் கேட்டார்.